ஞாயிறுதோறும் தொண்ணூற்றிரண்டு மைல்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்று, ஆகஸ்டு மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை, மலாயாவில் ஈஜோக்கை ஒட்டிய ரப்பர்த் தோட்டத்தில் சங்கிலி போட்டுப் பூட்டி வைத்திருந்த ஜீப், கொட்டகையை விட்டு அசையாமல் தொண்ணூற்றிரண்டு மைல் ஓடியது. மத்தியானம் இரண்டு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் இடையில் நடந்த சங்கதி. பெட்ரோல் ஒரு சொட்டும் குறையவில்லை. எஞ்சின் எண்ணெய் கொஞ்சம் கறுத்திருந்தது, ரேடியேட்டர் சுட்டது, மட்கார்டில் செம்மண் அப்பியிருந்தது. ஈஜோக் மண் கறுப்பு. அந்த வாரம் ரப்பர் விலை வேறு இறங்கியிருந்ததால், தோட்டத்தில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஜீப் டிரைவர் பெர்னாட்டுக்கு மட்டும் தூரம் உடனே பிடிபட்டது. கலும்பாங் நாற்பத்தாறு மைல், போகவரத் தொண்ணூற்றிரண்டு. கலும்பாங் தோட்டத்தில் கூலிகளை மேய்க்கும் மண்டோர் சூசைமுத்துவின் மகள் இசபெல் இருந்தாள். அவனுக்கும் அவளுக்கும் மாதா கோயிலில் கலியாண ஓலை வாசித்துக்கொண்டிருந்தார்கள். மூன்று ஞாயிறு, மூன்று ஓலை. ஆட்சேபம் சொல்ல ஆள் இல்லையென்றால் சாமியார் கைபிடித்துக் கொடுத்துவிடுவார். இரண்டு ஓலை முடிந்திருந்தது. மூன்றாவதற்கு முந்திய வியாழக்கிழமை, காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு இங்கிருந்துதான் அரிசி போகிறது என்று சொல்லி, சர்க்கார் கலும்பாங் கூலி வீட்டு லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டது. உள்ளே போக பாஸ் வேண்டும். மாப்பிள்ளை கோயிலில் நிற்காமல் மூன்றாம் ஓலை வாசிப்பதில்லை என்பது கலும்பாங் சாமியாரின் பழக்கம். பெர்னாட் பாஸ் கேட்டு எழுதினான். குண்டு துளைக்காதபடி இரும்புத் தகடு அடித்த ஜீப்புக்கு இவன் ஒருவன்தான் டிரைவர், விட முடியாது என்று பெரிய துரை மறுத்தார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இவன் கேட்டான், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவர் மறுத்தார். இரண்டு பேரும் ஒருநாளும் தேதி தவறியதில்லை.

அடுத்த ஞாயிறும் ஜீப் அதே தூரம் ஓடியது. அதற்கடுத்த ஞாயிறு போலீஸ் வந்தது. அசையாத வண்டி ஓடுவது பற்றி இன்ஸ்பெக்டருக்குப் பெரிய ஆட்சேபம் இல்லை. பெட்ரோல் குறையாததுதான் அவருக்குச் சந்தேகம். ஓசிப் பெட்ரோல் யார் கொடுப்பது, காட்டில் இருப்பவர்களா? நான்கு சக்கரத்தையும் கழற்றி, வண்டியைக் கட்டைமேல் ஏற்றி, பெர்னாட்டைத் தன் எதிரிலேயே உட்காரவைத்து நாலு மணி நேரம் டீ குடித்தார். ஆறு மணிக்கு மீட்டரைப் பார்த்தால் தொண்ணூற்றிரண்டு ஏறியிருந்தது. சர்க்காருக்கு நட்டம் எதுவும் இல்லை என்று எழுதி, ஞாயிற்றுக்கிழமை அந்த வண்டியில் யாரும் ஏறக்கூடாது என்று ஓர் உத்தரவும் போட்டு, துப்பாக்கியோடு சன்னாசியைக் காவலுக்கு வைத்துவிட்டுப் போனார். சன்னாசி அதே தோட்டத்துப் பையன், ஸ்பெஷல் கான்ஸ்டபிள் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அவன் பானெட்டில் கை வைத்துப் பார்த்தே வழி சொல்லப் பழகிக்கொண்டான். “டேய் பெர்னாட், ரவாங் மேடு ஏறுது போல. சூடு தாங்கல லா.”

அந்தப் பக்கத்துச் செய்தி சூசைமுத்துவின் கடிதத்தில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வேலிக் கேட்டில் ஒரு ஜீப் சத்தம் வந்து நிற்கிறதாம், வண்டி இல்லையாம். காவல்காரர்கள் இரண்டு வாரம் துப்பாக்கியை நீட்டினார்கள், மூன்றாவது வாரம் தடுப்புக் கட்டையைத் தூக்கிவிட்டார்கள். லயத்துப் பெண்களுக்கு நல்ல பொழுதுபோக்கு. “ஏய் இசபெல், மாப்பிள்ளை வந்தாச்சுடி! ஆளைத்தான் வீட்ல மறந்து வச்சிட்டு வந்துட்டாரு” என்று வேலம்மா லயம் முழுக்கக் கேட்கக் கத்துவாளாம். இதையெல்லாம் எழுதிவிட்டு மண்டோர் கடைசியில் தன் தீர்மானத்தையும் எழுதியிருந்தார். தஞ்சோங் மாலிமிலிருந்து பெண் கேட்டு வருகிறார்கள். வாராவாரம் சத்தம் வந்துகொண்டிருக்கும்வரை மாப்பிள்ளை உண்டு என்று வைத்துக்கொள்கிறேன். ஒரு ஞாயிறு தவறினாலும் அந்த இடத்துக்குச் சரி சொல்லிவிடுவேன்.

அன்று முதல் பெர்னாட் அந்த எஞ்சினுக்கு அடிமை ஆனான். இசபெலுக்குப் படிக்கத் தெரியாது. கடிதத்தை மண்டோரே வாசித்துக் காட்டுவார் என்பதால், இவன் கடிதங்களில் மழையும் எஞ்சினும் தவிர வேறெதுவும் இல்லை. ஆயிரம் மைலுக்கு எண்ணெய் மாற்று என்று புத்தகத்தில் இருந்தால் எண்ணூறில் மாற்றினான். பழைய எண்ணெயை விரலில் தேய்த்து வெயிலில் பிடித்து, இரும்புத் தூள் மின்னுகிறதா என்று பார்ப்பான். தவக்காலத்தில் மற்றவர்கள் கறி விட்டார்கள், இவன் சிலிண்டர் மூடியைக் கழற்றிக் கரி சுரண்டினான். பழைய எஞ்சினுக்கு முதல் எதிரி பாரம் என்பது அவன் கொள்கை. அதனால் சனிக்கிழமை சாயங்காலம் இரும்புத் தகடுகள், ஸ்பேர் சக்கரம், சாமான் பெட்டி எல்லாவற்றையும் கழற்றி இறக்குவான். திங்கட்கிழமை காலை ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்கு முன்னால் திரும்ப மாட்டுவான். வண்டி இருக்கும் இடத்திலேயே நிற்கப்போகிறது, அதற்கு எதற்குப் பாரம் குறைப்பது என்று ஒருவரும் கேட்கவில்லை. தொண்ணூற்றிரண்டு மைல் என்றால் தொண்ணூற்றிரண்டு மைல்தான்.

ரேடியேட்டரில் மட்டும் ஓர் ஒழுகல் இருந்தது. எத்தனை தடவை ஈயம் வைத்தும் நிற்கவில்லை. ஆனால் ஞாயிறு மாலை மூடியைத் திறந்தால் தண்ணீர் வாய்வரை நிற்கும். கலும்பாங்கில் இசபெல் வாளியோடு வந்து, சத்தம் நிற்கிற இடத்தில் வெறும் காற்றில் தண்ணீரை ஊற்றுகிறாள், ஒரு சொட்டும் தரையில் விழுவதில்லை என்று மண்டோர் எழுதினார். பெர்னாட் நாலு மணிக்கு வெளியே நின்றபடி திருப்புளியின் நுனியை எஞ்சின்மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக்கொள்வான். வால்வுச் சத்தம் கேட்க மெக்கானிக்குகள் செய்கிற வேலை. அவனுக்குக் கோழி கொக்கரிப்பதும் வாளிப் பிடி கிணுங்குவதும் கேட்டன. அப்பா எதிரில் நின்றதால் அவள் வாய் திறக்கவில்லை. ஆறு வருஷம் அவன் அவளுடைய வாளியை மட்டும் கேட்டான்.

ஐம்பத்தேழில் நாட்டுக்கு விடுதலை வந்தது, கலும்பாங் கேட்டுக்கு வரவில்லை. அந்த அக்டோபரில் மீட்டர் எண்பதாயிரத்தைத் தாண்டியது. எண்பதாயிரம் ஓடிய வண்டியைப் பழைய இரும்புக்குப் போட வேண்டும் என்பது கம்பெனிச் சட்டம். பெர்னாட் தோட்டக் கணக்கு எழுதும் கிராணி சிவானந்தத்திடம் போய் நின்றான்.

“எஞ்சின் புதுசு மாதிரி இருக்கு, கிராணியாரே. நீங்களே ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க.”

“எனக்குத் தெரியாதாய்யா? இதுல முப்பதாயிரம் மைல் ஓடாம ஓடின மைலு. அதைக் கழிச்சா அம்பதாயிரந்தான். எழுதிப் பாக்குறேன்.”

அவர் ஒழுங்காக எழுதினார். லண்டனிலிருந்து ஒரே வரியில் பதில் வந்தது: மைல் என்றால் மைல்தான். புது ஜீப் வந்து இறங்கியது. திங்கட்கிழமை காலை பழைய இரும்பு லோரி வரும் என்று கோலசிலாங்கூரிலிருந்து சொல்லியனுப்பினார்கள்.

சனிக்கிழமை பெர்னாட் வழக்கம்போல எண்ணெய் மாற்றினான், தகடுகளைக் கழற்றினான், துணி போட்டுத் துடைத்தான். மறுநாள் ஒன்றே முக்காலுக்கு வந்து நின்றவனிடம் சன்னாசி சொன்னான்.

“இன்னிக்காச்சும் ஏறி உக்காரேன்டா.”

“உத்தரவு இருக்கே.”

“உத்தரவு என் கையில இருக்கு. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன்.”

“அதில்ல. நான் நூத்தம்பது ராத்தல். ரவாங் மேட்டுல எஞ்சின் தாங்காது.”

“தாங்காட்டி என்னா? நாளைக்கு எடைக்குத்தானே போவுது!”

ஆறு வருஷமாகப் பெர்னாட் எண்ணெயைப் பற்றி யோசித்தான், கரியைப் பற்றி யோசித்தான், வழியில் நின்றுவிடக் கூடாதே என்று ஒவ்வொரு போல்ட்டாக எடை குறைத்தான். அந்த வண்டி எதற்காக ஓடுகிறது என்று யோசிக்கவில்லை. செருப்பைக் கழற்றிக் கீழே விட்டான், அதுவும் ஒரு பாரம்தானே என்று. ஏறி உட்கார்ந்தான். சன்னாசி சொன்ன சொல் தவறாமல் திரும்பி நின்று சுருட்டுப் பற்றவைத்தான். மூன்று குச்சி செலவானது. திரும்பிப் பார்த்தபோது ஜீப் சங்கிலியோடு நின்றது, சீட்டு காலி.

நாலு மணிக்குக் கலும்பாங்கில் சத்தம் வந்தது. காவல்காரர் கட்டையைத் தூக்கினார். இசபெல் வாளியோடு கேட்டுக்கு நடந்தாள். போன பெருநாளோடு அவளுக்கு முப்பது முடிந்திருந்தது, காதோரம் ரெண்டு நரையும் விழுந்திருந்தது. சத்தத்துக்கு நடுவிலிருந்து, தரைக்கு இரண்டடி மேலே, இல்லாத ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்த பெர்னாட் வெறுங்காலோடு இறங்கினான். சூசைமுத்து தொப்பியைக் கழற்றினார். இசபெல் வாளியைக் கீழே வைக்கவில்லை. அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள், நகத்திலிருந்த எண்ணெய்க் கறுப்பைப் பார்த்தாள்.

“ஆறு வருசம் எஞ்சினைத்தான் பாத்தீங்களா?” என்றாள், அப்பா பக்கத்தில் நிற்பதை மறந்து. “வாராவாரம் தண்ணி ஊத்திட்டு, இன்னிக்கு எறங்குவாரு, இன்னிக்கு எறங்குவாருன்னு நின்னேனே. ஒருநாள் ஏறி உக்காரணும்னு ஒங்களுக்குத் தோணலியா?”

“பாரம்...” என்று பெர்னாட் ஆரம்பித்தான்.

“ஆமா. பாரம்” என்றாள் அவள். அப்புறம் முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டு நெடுநேரம் அழுதாள். அவன் வாளியை வாங்கிக்கொண்டான். சத்தம் நின்று போயிருந்தது. அவன் பழக்கத்தில் கொஞ்ச நேரம் காதைச் சாய்த்துப் பார்த்தான், கோழிகள்தான் கேட்டன.

ஈஜோக்கில் ஆறு மணிக்கு மீட்டர் நாற்பத்தாறு மைல்தான் கூடியிருந்தது. ரேடியேட்டர் காலியாக இருந்தது. சங்கிலி அறுபடாததால் வண்டி திருட்டுப் போகவில்லை என்றும், ஒரு ஜோடிச் செருப்பு விட்டுச் செல்லப்பட்டது என்றும் சன்னாசி எழுதிக் கொடுத்தான். திங்கட்கிழமை லோரி வந்து ஜீப்பை ஏற்றிக்கொண்டு போனது. கலும்பாங்கில் அடுத்த ஞாயிறு மூன்றாம் ஓலையை வாசித்தார்கள், ஆட்சேபம் ஒன்றும் வரவில்லை. பாஸ் இல்லாமல் ஒருவன் உள்ளே இருக்கிறான் என்று விசாரிக்க வந்த அதிகாரி கேட் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். ஆறு வருஷமாக ஒவ்வொரு ஞாயிறும் நாலு மணிக்கு நேராக ‘ஜீப், ஒன்று’ என்று எழுதியிருந்தது. அனுமதித்த வண்டியில் டிரைவர் இருப்பது சட்டத்துக்கு விரோதம் இல்லை என்று அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, மழை வருவதற்குள் கிளம்பினார்.