காணிப்பாக்கம் வரை போன ஃபவுல்

அந்த வீடியோவை எத்தனை முறை பார்த்தாலும் துர்காதேவிக்கு ரத்தம் கொதித்தது. நகரி மைதானத்தில் கால்பந்து இறுதி ஆட்டம். அவள் புருஷன் சஞ்சய் பந்தோடு ஓடுகிறான். சத்தியவேடு அணியின் மணிவேல் பக்கவாட்டில் சறுக்கி வந்து காலை நீட்டுகிறான். முதலில் பட்டது பந்திலா, சஞ்சயின் காலிலா? எவ்வளவு மெதுவாக ஓட்டினாலும் புழுதிதான் தெரிந்தது. ஆனால் எலும்பு முறிந்தது முறிந்ததுதானே! பவர்லூம் ஓட்டுகிறவன் மூன்று மாதம் கட்டுப்போட்டுக் கிடந்தால் குடும்பம் எதைச் சாப்பிடும்?

நடுவர் கோவர்த்தனன் வெறும் மஞ்சள் அட்டை காட்டிவிட்டுப் போய்விட்டார். அதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சல்.

"சறுக்கறதுக்கு முன்னாடி, 'உன் கால ஒடிக்கிறேன் பாரு'ன்னு சொன்னான்" என்று சஞ்சய் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சொன்னான். கேட்டுவிட்டு அவள் சும்மா இருப்பாளா? தறி ஓடுகிற தெருவெல்லாம் சொன்னாள். சத்தியவேட்டுக்கே பஸ் ஏறிப் போய், மணிவேலின் அம்மா கமலம்மாவை வாசலில் நிற்கவைத்து, "புள்ளைய பெத்தியா, ரவுடிய பெத்தியா?" என்று ஊர் பார்க்கக் கிழித்துவிட்டு வந்தாள்.

விஷயம் கால்பந்துச் சங்கத்துக்குப் போனது. மணிவேல் அப்படிச் சொல்லியிருந்தால் வேண்டுமென்றே அடித்ததாகும். ஒரு வருஷம் தடை. அடுத்த வாரம் திருப்பதியில் மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கிறார்கள், அதற்கும் அவன் போக முடியாது. சொல்லவில்லை என்றால் மஞ்சள் அட்டையோடு சரி. அறிக்கை எழுத வேண்டிய கோவர்த்தனன் கையை விரித்தார்.

"கால் எங்க பட்டுச்சுன்னு கேட்டா சொல்லலாம்மா. மனசுல இன்னா இருந்துச்சுன்னு நான் எப்டி எழுதறது? ரெண்டு பேரும் காணிப்பாக்கம் போய் பிரமாணம் பண்ணட்டும். அப்பால எழுதறேன்."

காணிப்பாக்கத்துப் பிள்ளையார் முன்னால் பொய்ச் சத்தியம் செய்ய அந்தப் பக்கத்தில் எவனுக்கும் துணிச்சல் வராது. வரட்டும் அந்தப் பயல், அங்கே வைத்து அவன் வாயாலேயே கக்க வைக்கிறேன் என்று துர்காதேவி சஞ்சயையும் கூட்டிக்கொண்டு கிளம்பினாள்.

பிரமாணத்துக்கு முன்னால் முழுகும் முறைப்படி மணிவேல் கோயிலின் கோனேருக் குளத்தில் முழுகி, ஈர வேட்டியோடு அவள் எதிரே வந்து நின்றான்.

"அக்கா, அந்த வார்த்தைய நான் சொல்லல. சாமி முன்னாடி பிரமாணம் பண்றேன். ஆனா கோவமே இல்லாம சறுக்கினேன்னு பண்ண மாட்டேன். ரெண்டு தபா என்ன ஏமாத்தி கோல் போட்டாரு. எரிச்சல்லதான் வந்தேன். பந்துக்குத்தான் வந்தேன்."

"கேட்டுக்கினியா? கோவம்னு அவனே ஒத்துக்கினான்!" என்று அவள் புருஷனிடம் திரும்பினாள். "நீயும் முழுகிட்டு வா. இன்னிக்கே முடிச்சிடலாம்."

ஊன்றுகோலில் சாய்ந்திருந்த சஞ்சய், "கட்டு நனைஞ்சா டாக்டர் திட்டுவாரு" என்றான்.

"முழுக வேணாம். தலையில ஒரு சொம்பு ஊத்தினா போதும்." தேங்காய்க் கடையில் பிளாஸ்டிக் கவர் வாங்கி வந்து, குனிந்து அவன் கட்டைச் சுற்றினாள். சொம்பைத் தூக்கினாள். அவன் தலையை இழுத்துக்கொண்டான்.

"இன்னொரு நாள் வரலாம், துர்கா."

"சாமிகிட்ட வந்துட்டு இன்னொரு நாளா? யோவ், அவன் சொன்னானா இல்லியா?"

"கால் ஒடஞ்சது நெஜம்தானே?"

"நான் கால கேக்கல. அவன் வாயில வந்துச்சான்னு கேக்கறேன்!"

சஞ்சய் தரையைப் பார்த்தான். "மனசுல நெனச்சிருப்பான்."

சொம்பு அவள் கையிலிருந்து படியில் விழுந்து உருண்டது.

"அடப்பாவி! அந்தப் பையனோட அம்மா கையெடுத்துக் கும்புட்டாங்களேய்யா. அப்பயும் உடாம கத்தினேனே! நீ சொன்ன பொய்க்கு என் வாய்தான் கெடச்சுதா?"

அவன் அவள் கையைப் பிடிக்க வந்தான். தட்டிவிட்டாள். அங்கேயே நின்று கோவர்த்தனனுக்கு போன் போட்டாள்.

"சார், அந்தப் பையன் அப்படி சொல்லல."

"அப்போ வேணும்னு செய்யலன்னு எழுதிடட்டுமாம்மா?"

அவள் மணிவேலைப் பார்த்தாள். அவன் தலை நிமிரவில்லை.

"அது எனக்குத் தெரியாது சார். எங்க ஊட்டுக்காரரு பொய் சொன்னாரு. அத மட்டும் எழுதுங்க."