சரிபார்ப்பில் இருக்கும் வீட்டுக்காரர்

என் வீட்டுக்காரர் அடையாள அட்டை அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். வருகிறவர் அட்டையில் இருப்பவர்தானா என்று பார்ப்பதுதான் வேலை. இருபது வருடமாக ஊரையே சந்தேகப்பட்டவர். தூக்கம் வரவில்லை என்று டாக்டரிடம் போனார். "படுக்கறதுக்கு முன்னாடி கண்ணை மூடி, நான் யாருன்னு உள்ளுக்குள்ள கேளுங்க" என்று அவரும் சொல்லிவிட்டார். குரங்கு கையில் பூமாலை.

முதல் நாள் படுக்கையறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டார். அடுத்த நிமிடமே எழுந்துபோய்த் தன் அட்டையையும் கண்ணாடியையும் எடுத்து வந்தார். அட்டையில் இருந்தவருக்குத் தலை நிறைய முடி.

"முகம் பொருந்தல" என்றார். கையெழுத்தும் மூன்று முறை போட்டுப் பார்த்தார். மூன்றும் மூன்று விதம்.

"சரி, வந்து படுங்க."

"யாருன்னே உறுதியாகாத ஆளை உள்ள விடலாமா? நீ வேற தனியா இருக்க."

மூன்று இரவு நாற்காலியிலேயே கிடந்தார். நான்காம் நாள் கழுத்து ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டது. எனக்கு ஆத்திரமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

"இப்படிப்பட்டவங்களை ஆபீஸ்ல என்னதான் செய்வீங்க?"

"நல்லாத் தெரிஞ்ச ஒருத்தர் சாட்சிக் கையெழுத்துப் போடணும்." படிவத்தை நீட்டினார். கொண்டுவந்தே வைத்திருக்கிறார், மனுஷன்!

'இவரை எப்படித் தெரியும்?' என்ற இடத்தில் 'கணவர்' என்று எழுதினேன். அடித்துவிட்டார்.

"அது உறவு. தெரியும்கறதுக்கு ஆதாரமில்ல."

பேனாவைப் பிடித்தபடி யோசித்தேன். பிறகு எழுதினேன்: கோபம் வந்தால் பசியில்லை என்பார், நான் தூங்கியதும் ஃபிரிட்ஜைத் திறப்பார். மழை வந்தால் பக்கத்து வீட்டுத் துணியையும் எடுத்து வைப்பார். என் அப்பா இறந்த அன்று, குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதார்.

கடைசி வரியை இரண்டு தரம் படித்தார்.

"தண்ணிச் சத்தத்துல கேக்காதுன்னு நெனச்சேன்" என்றார். கண் கலங்கியபடியே பையிலிருந்து முத்திரையை எடுத்துக் குத்தினார். உள்ளே போகப் போனவர் நின்றார்.

"சாட்சியோட அட்டை?"

கொடுத்தேன். அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் அட்டையைப் பார்த்தார்.

"பொருந்தலையேம்மா. பரவால்ல, சாட்சிக்கு மூணு நாள் அவகாசம் உண்டு. அதுவரைக்கும் என்னோட படிவம் செல்லும்."

இப்போது உறுதியாகாத ஆளாக நாற்காலியில் நான். மடியில் வெற்றுப் படிவம். அதை நிரப்ப வேண்டியவர் உள்ளே குறட்டை விடுகிறார். விடிந்ததும் எழுப்பிக் கையில் கொடுக்க வேண்டும். 'கணவர்' என்று நான் எழுதியது போல 'மனைவி' என்று எழுதி நிறுத்திவிடுவாரோ என்று நினைத்தால், எனக்குத் தூக்கம் வரவில்லை.