மூன்றாம் மாடியின் அமைதி

தியாகராய நகரில் எங்கள் ஜவுளிக்கடையின் மூன்றாம் மாடி கல்யாணப் பட்டுக்கானது. அதைப் பங்குனியில் புதுப்பித்தார்கள். முதலாளி மாணிக்கவாசகம் அண்ணாச்சியின் மருமகன் மகேஷ், சத்தத்தை அடக்கும் படிப்புப் படித்தவர். சுவரெல்லாம் பஞ்சுப் பலகை, மேலே பால்ஸ் சீலிங், கீழே கனத்த கம்பளம். மின்விசிறிகளை எடுத்துவிட்டு ஓசையில்லாத ஏசி வைத்தார்.

"கர்ப்பகிருகம் மாதிரி இருக்குல்லா?" என்றார் அண்ணாச்சி.

இருந்தது. சிலர் செருப்பைக் கழற்றிவிட்டே நுழைந்தார்கள். வாங்கியவர்கள்தான் இல்லை.

வைகாசி பாதி முடிவதற்குள் பதினொரு கல்யாண வீட்டார் பாதியில் எழுந்து போனார்கள். மாடிப் பொறுப்பில் இருந்த என்னை அண்ணாச்சி கூப்பிட்டனுப்பினார்.

"அசோகா, ஆனி பிறக்குத வரைக்கும் பாப்பேன். அப்பவும் இப்படின்னா மாடியை ரெடிமேடுக்குக் குடுத்துட்டு உன்னைத் திசையன்விளைக் கடைக்கு அனுப்பிருவேன். கோவிச்சுக்கிடாத."

என் மகள் கயல் பன்னிரண்டாம் வகுப்பு. மனைவிக்கு அடையாற்றில் வேலை. அவ்வளவு தூரம் தெற்கே போனால் நான் மட்டும்தான் போக வேண்டும்.

காரணம் எனக்குத் தெரியும். முகூர்த்தப் புடவையை மாப்பிள்ளை வீட்டார் வாங்குவார்கள். பெண் வீட்டார் தேர்ந்தெடுப்பார்கள். எதிரெதிரே உட்கார்ந்து, எதிர்ப்பக்கத்தை உரக்கப் புகழ்ந்து, தன் பக்கத்தில் முணுமுணுப்பது வழக்கம். பழைய மாடியில் வெறும் காங்கிரீட் கூரை. ஐம்பது பேர் பேச்சும் விசிறிச் சத்தமும் அதில் மோதித் திரும்பும். அந்த இரைச்சலில் புகழ்ச்சி மட்டும் போய்ச் சேரும். புது மாடியில் முணுமுணுப்பும் போய்ச் சேர்ந்தது.

இதை அண்ணாச்சியிடம் சொன்னேன். "எம் மருமவன் வேலையில குத்தம் சொல்லுதியோ?" என்றார். அத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

வைகாசிக் கடைசி ஞாயிறு, ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்து மாப்பிள்ளையின் தாயார் சந்திரிகா தங்கையோடு வந்தார். எதிரே நங்கநல்லூர் சீதா, மணப்பெண்ணான மகளோடு.

"உங்க இஷ்டம்தான் சம்பந்தி, பிடிச்சதை எடுங்க" என்றார் சந்திரிகா. பிறகு தங்கை பக்கம் சாய்ந்து, "பாத்தியா, விலை கூடினதுலயேதான் கை போகுது."

சீதாவின் கை நின்றது. "ரொம்பப் பெரிய மனசு உங்களுக்கு" என்றவர் மகளிடம் கிசுகிசுத்தார்: "புடவைக்கே இப்படி. நாளைக்கு நீ காபிக்குப் போடுற சர்க்கரையையும் எண்ணுவா."

"என்ன சொன்னீங்க?"

"நான் என் பொண்ணுகிட்ட பேசினேன்."

"நானும் என் தங்கச்சிகிட்டதான் பேசினேன். உங்களை யாரு கேக்கச் சொன்னா?"

சீதா எழுந்தார். பன்னிரண்டாவது வீடு. என் வாயில் பொய் தானாக வந்தது.

"அம்மா, ஒரு நிமிஷம்! காஞ்சிபுரம் சரக்கு காலையிலதான் வந்துச்சு, இன்னும் மேல ஏத்தலை. பின்னால குடோன்ல இருக்கு. பாக்காம போகாதீங்க."

குடோனுக்குத் தகரக் கூரை. இரும்பு அடுக்குகள், சுமை லிப்ட், பக்கத்திலேயே இரைந்துகொண்டிருக்கும் ஜெனரேட்டர். விரித்தது பழைய சரக்குதான். சந்திரிகா தங்கையிடம் ஏதோ சொன்னார். அருகில் நின்ற எனக்கே கேட்கவில்லை. சீதா மகளிடம் சொன்னதும் அப்படியே போயிற்று. அங்கே எதிர்ப்பக்கம் பேச வேண்டுமானால் கத்த வேண்டும். கத்திச் சொல்வதற்கு அவர்களிடம் நல்ல வார்த்தைதான் இருந்தது.

"அரக்கு நல்லாருக்கு சம்பந்தி!"

"ஆங்?"

"அரக்கு! உங்க மருமகளுக்கு எடுப்பா இருக்கும்!"

"அதையே எடுங்க! பச்சையையும் எடுங்க!"

கத்தக் கத்த முகங்கள் மலர்ந்தன. அரை மணியில் முகூர்த்தம், நலங்கு, வரவேற்பு மூன்றுக்கும் எடுத்து முடித்தார்கள்.

பில்லைப் பார்த்த அண்ணாச்சியின் உத்தரவில், ஆனி முதல் தேதி கல்யாணப் பட்டு குடோனுக்கு இறங்கியது. குடோன் மூட்டைகள் மூன்றாம் மாடிக்கு ஏறின. அவை அங்கே நிம்மதியாகக் கிடக்கின்றன. "திசையன்விளைக்கு வேற ஆள் பாக்கேன்" என்றார் அண்ணாச்சி.

மறுவாரம் மகேஷ் வந்தார். காதைப் பொத்திக்கொண்டு, "மாமா, இந்த இடத்தையும் அமைதியாக்கித் தரேன்!" என்று கத்தினார். நான் அண்ணாச்சியைப் பார்த்தேன்.

"தாராளமாச் செய்யுங்க மாப்ள! உங்களை விட்டா யாரு இருக்கா!" என்று கத்திய அண்ணாச்சி, என் காதருகே குனிந்தார்.

"இவுஹ இந்தப் பக்கமே வராமப் பாத்துக்க."

மகேஷ் மகிழ்ச்சியோடு டேப்பை எடுத்துச் சுவரை அளக்கத் தொடங்கினார்.