தானே போட்டுக்கொள்ளும் பெட்ரோல்

விமானத்தளத்தின் புதிய பெட்ரோல் பம்பின் முன்னால் வெர்னா கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். முன்னால் விட்டால் அவை தாமாகவே ஹோஸைப் பிடித்துவிடும் என்று பயம். வாயால் சொல்லித்தரலாம், கையால் தொடக்கூடாது என்பது மேனேஜர் கர்ட்டின் உத்தரவு. அவள் தொட்டு, பிறகு விமானத்துக்கு ஏதாவது ஆகிவிட்டால் பழி நகரசபை தலையில் விழும் என்று இன்சூரன்ஸ்காரர்கள் சொல்லியிருக்கிறார்களாம்.

"கார்டை மெதுவா சொருகு நோரீன். எர்த் கம்பியை மாட்டிட்டியா? அது முதல்ல."

"மாட்டிட்டேன் தாயே." கால்நடை மருத்துவரான நோரீன் ஏணியில் நின்றபடி சிரித்தாள். காற்று அவள் தொப்பியைப் பிடுங்கப் பார்த்தது. "பசுவுக்குப் பிரசவம் பார்த்துடலாம். இது அதைவிடக் கஷ்டமா இருக்கே."

"அப்போ என் பெட்ரோல் வண்டியைக் கூப்பிட வேண்டியதுதானே?"

நோரீன் ஹோஸைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டியில் போட்டால் விலை அதிகம், பம்பில் குறைவு. அதை யாரும் வெர்னாவிடம் வாய்விட்டுச் சொல்வதில்லை.

நெப்ராஸ்காவின் சோளக்காட்டு நடுவே, நகரசபைக்குச் சொந்தமான சின்ன விமானத்தளம் அது. சொந்த விமானம் வைத்திருக்கும் விவசாயிகள், வானிலிருந்து வயலுக்கு மருந்து தெளிப்பவர்கள், ஊர் ஊராகப் போகும் நோரீன் மாதிரி ஆட்கள்தான் அங்கே வருவார்கள். வந்து இறங்கியதும் உள்ளே போய்க் காப்பி ஊற்றிக்கொண்டு, பொரித்த சோளத்தைக் கொறித்துக்கொண்டு ஊர்வம்பு பேசுவார்கள். அதற்குள் வெர்னா பெட்ரோல் வண்டியை விமானத்தின் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தி, ஏணி போட்டு ஏறி, இரண்டு இறக்கை டேங்குகளையும் நிரப்பி, மூடிகளை முறுக்கி மூடி, கண்ணாடியையும் துடைத்துவிட்டு வருவாள். பாதி ஆயுள் இப்படியே போயிருந்தது. இப்போது பம்ப் வந்த பிறகு உள்ளே யாரும் வருவதில்லை. காப்பி கசந்துபோய்க் கிடந்தது.

மாதக் கடைசியில் நகரசபைக் கூட்டம். வண்டிப் பெட்ரோல் ஓரளவு விற்றால் வெர்னாவுக்கு வேலை இருக்கும். இல்லையென்றால் வண்டியை விற்றுவிடுவார்கள். வேலை போனால் சம்பளம் போகும் என்பது ஒரு பக்கம். புருஷன் லீலண்டின் மருத்துவ இன்சூரன்ஸும் அந்த வேலையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அவன் வயலுக்கு மருந்து தெளித்துத் தெளித்தே நுரையீரலைக் கெடுத்துக்கொண்டவன். அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தபோது, மூக்கில் குழாயும் பக்கத்தில் ஆக்ஸிஜன் மெஷினுமாகச் சமையலறையில் உட்கார்ந்திருந்தான்.

"இன்னிக்கு எத்தனை பேருக்குப் பாடம் எடுத்தே?" என்று கேட்டான்.

"நோரீனுக்கும் இன்னொருத்தனுக்கும்."

"உன் குழியை உன்னையே வெட்டச் சொல்றான் கர்ட். மண்வெட்டியாவது நல்லதா குடுத்தானா?"

"சும்மா இரு. அல்வின் இருக்கார். அவர் வண்டியைத்தான் கூப்பிடுவார்."

"அல்வின் ஒருத்தன் குடிக்கிற பெட்ரோல்ல வண்டி ஓடிடுமா?" சிரிக்கப்போய் இருமல் வந்துவிட்டது. அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

அல்வின் மாரெஷ் எழுபதைத் தாண்டிய விவசாயி. வலது தோள் உறைந்துபோய், கை காதுக்கு மேல் போகாது. பம்பைப் பதித்த நாளிலேயே சத்தம் போட்டுச் சொன்னவர் அவர். "எனக்கு எதுக்கு இந்த மெஷின்? என் மருமகளைத் திட்டினா இது கேட்டுக்குமா? வெர்னாதான் கேட்டுப்பா." மூடியைத் தன் கையால் அவர் தொட்டதே இல்லை. ஏணியை மடக்கும் சத்தம் கேட்டால் வேலை முடிந்தது என்று அர்த்தம். உடனே காப்பியை வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்.

அந்த சனிக்கிழமை அவருடைய விமானம் கொட்டகையிலிருந்து உருண்டு வருவதைப் பார்த்ததும் வெர்னா வண்டியைக் கிளப்பிவிட்டாள். விமானம் வண்டியைத் தாண்டிப் போய்ப் பம்பின் முன்னால் நின்றது. அல்வின் இறங்கினார். அவள் பக்கம் திரும்பவில்லை.

அவள் இன்ஜினை அணைத்துவிட்டுப் போனாள். "நான் போடட்டுமா அல்வின்?"

"வேணாம்மா." சட்டைப் பையிலிருந்து ஒரு புதுக் கார்டை எடுத்தார். "பையன் இதைக் குடுத்திருக்கான். கணக்கெல்லாம் இப்போ அவன்தான் பார்க்கறான். சோளம் விலையே போகலைன்னு தினமும் சண்டை. நான் என்ன பண்ணட்டும்?"

"அதுக்கென்ன, பரவாயில்லை. ஏணியையாவது பிடிச்சுக்கறேன்."

"வெர்னா!" ஆபீஸ் வாசலிலிருந்து கர்ட் கத்தினான். "தொடாதீங்க! எத்தனை தடவை சொல்றது?"

அல்வினின் கழுத்து சிவந்தது. இடது கையாலேயே ஹோஸை இழுத்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினார். ஹோஸ் முறுக்கிக்கொண்டு அவரைப் பின்னால் இழுத்தது. கால் ஒருமுறை வழுக்கியது. வெர்னா ஓரடி முன்னால் வைத்து நின்றுகொண்டாள்.

"நீ உள்ளே போயேன்." அவர் குரல் கெஞ்சியது. "நீ பார்த்துக்கிட்டே நின்னா எனக்குக் கையே ஓட மாட்டேங்குது. வெக்கமா இருக்கு வெர்னா."

அவர் மானத்தைக் காப்பாற்ற அவள் திரும்பி நடந்தாள். உள்ளே போய், அவர் வரமாட்டார் என்று தெரிந்தும் புதுக் காப்பி போட்டாள். ஜன்னல் பக்கம் வேண்டுமென்றே பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ஏணி மடங்கும் சத்தம் கேட்டது. இன்ஜின் உறுமியது. விமானம் ஓடி, எழும்பிப் போய்விட்டது.

வெளியே வந்து ஏணியைச் சுவரில் சாய்க்கப் போனபோதுதான் கவனித்தாள். பம்பின் மேல்தட்டில், விமானப் பெட்ரோலின் நீலக்கறை ஈரம் காயாமல், இடது டேங்கின் மூடி உட்கார்ந்திருந்தது.

அவள் ஓடினாள். ரேடியோவைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். "அல்வின், இடது மூடி இங்கே இருக்கு! திரும்பி வாங்க! அல்வின், கேக்குதா?" இரைச்சல் மட்டும்தான் வந்தது. மேலே போனதும் ரேடியோவை அணைத்துவிடுவது அல்வின் வழக்கம். யாரும் தன்னை ஏவாத இடம் வானம் ஒன்றுதான் என்பார். கர்ட் வெளிறிப்போய் வழியில் இருக்கும் தளங்களுக்கெல்லாம் போன் போட்டான்.

மூடாத டேங்கின் வாயிலிருந்து பெட்ரோலைக் காற்று உறிஞ்சிவிடும், அதோடு இணைந்த மறு டேங்கும் வடிந்துவிடும். தெற்கு டகோட்டாவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறவர், டேங்க் நிறைந்திருக்கிறது என்று நம்பிப் பறந்திருக்கிறார். பாதி வழியில் இன்ஜின் நின்றுவிட்டது. அறுத்த சோளக்காட்டில் நன்றாகத்தான் இறக்கியிருக்கிறார். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் நீளமான இரும்புச் சட்டம் குறுக்கே நின்றது. அதில் மோதி அங்கேயே உயிர் போய்விட்டது.

"நான் முதுகைக் காட்டிட்டு வந்துட்டேன் லீலண்ட்," என்று வெர்னா அழுதாள். "கண்ணால பார்த்துக்கிட்டாவது நின்னிருக்கணும்."

"அவன்தானே உன்னைப் போகச் சொன்னான். அழாதே." சொல்லிவிட்டு அவனும் அழுதான். மெஷின் மூச்சு விட்டுக்கொண்டே இருந்தது.

அடக்கத்துக்குப் பல ஊர்களிலிருந்தும் விமானக்காரர்கள் வந்தார்கள். சர்ச் ஹாலில் பன்றித் தொடைக்கறியும் பழக்கூழ் வைத்த கொலாச்சி ரொட்டியும் அடுக்கியிருந்தார்கள். சாப்பிட்டுக்கொண்டே எல்லாரும் ஒரே விஷயத்தைத்தான் பேசினார்கள்.

"வெர்னா போட்டிருந்தா அல்வின் இப்போ இங்கே உட்கார்ந்து நம்மளை வம்புக்கு இழுத்துக்கிட்டு இருப்பான்," என்றாள் நோரீன்.

"அந்த மெஷினைப் பிடுங்கி எறியணும்," என்று ஒருவர் மேஜையைத் தட்டினார். அல்வினின் மகன் வந்து வெர்னாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

கர்ட் அவளைத் தனியாகக் கூப்பிட்டான். "கூட்டம் நாளைக்குக் காலைல. எல்லாரும் வண்டி பத்தித்தான் பேசறாங்க, கேட்டீங்கல்ல? இன்னிக்குத் திரும்பிப் போறவங்க வண்டியில போட்டாங்கன்னா, அதை வெச்சு நான் பேசிப் பார்க்கிறேன்."

வெர்னா சாப்பிடாமல் கிளம்பினாள். அல்வினின் சாவிலிருந்து தனக்கு ஒரு நல்லது வரப்போகிறது என்று நினைக்கவே கூசியது. நினைக்காமலும் இருக்க முடியவில்லை. அடக்கத்துக்குப் போட்ட கறுப்பு உடையின் மேலேயே வேலைக் கோட்டை மாட்டிக்கொண்டாள். வண்டியின் தொட்டியை விளிம்பு வரை நிரப்பி, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி நடுவில் நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு உட்கார்ந்தாள்.

அவர்கள் வந்தார்கள். கையை ஆட்டினார்கள், சிலர் தொப்பியைத் தொட்டு மரியாதை செய்தார்கள். விமானங்கள் ஒவ்வொன்றாக உருண்டு வந்து, பம்பின் முன்னால் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. கறுப்புக் கோட்டு போட்டவர்கள் கழுத்துப்பட்டியைத் தோளுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு ஏணியில் ஏறினார்கள்.

"மூடியைப் பாருங்கப்பா! இன்னொரு தடவை பாருங்க!" நோரீன் ஏணியிலிருந்து குரல் கொடுத்தாள்.

"பார்த்தாச்சு, பார்த்தாச்சு!"

தன் முறை முடிந்ததும் நோரீன் ஒரு காகிதத் தட்டோடு வண்டிக்கு வந்தாள். "நீ ஒண்ணுமே சாப்பிடலையே. இந்தா, கொலாச்சி. இந்தக் காத்துல உன்னை எதுக்கு இறக்கி ஏத்தணும்னுதான்..." அவள் வெர்னாவின் கண்ணைப் பார்க்கவில்லை. தட்டைக் கொடுத்துவிட்டு வேகமாகத் திரும்பிப் போனாள்.

வரிசையின் கடைசியில் இருந்தவர், ஹாலில் மேஜையைத் தட்டியவர், விமானத்தின் கதவைத் திறந்து தலையை நீட்டினார். "வெர்னா, அந்த வண்டியைக் கொஞ்சம் நகர்த்தேன்மா. திரும்ப இடம் பத்தலை."

வெர்னா தட்டைப் பக்கத்து இருக்கையில் வைத்தாள். ரிவர்ஸ் கியரைப் போட்டு, நிறைந்த தொட்டி தளும்பாமல், மெதுவாகப் பின்னால் போய் வழிவிட்டாள்.