மருமகன் வெளியே நிற்கட்டும்

பிணவறை ஊழியர் துணியை விலக்கியதும் அவள் "அப்பா!" என்று அலறிவிட்டாள். நடிக்க வேண்டியிருக்கும் என்று நினைத்து வந்தவளுக்கு அந்த அலறல் ஆச்சரியமாக இருந்தது.

அகதி முகாம் அதிகாரி ஏதோ சொன்னார். மொழிபெயர்ப்பாளர் அதைத் தணிந்த குரலில் சொன்னார்: "மக மட்டும் உள்ள இருக்கலாமாம். மருமகன் வெளிய நிக்கட்டும்."

கதவருகே நின்ற அவள் கணவன் திரும்பி நடந்தான். காலையில் சாப்பாட்டு வரிசையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து செத்துப்போனவர் அவனைப் பெற்ற தகப்பன். இவளுக்கு மாமனார்.

எல்லாம் எல்லை தாண்டுவதற்கு முன் நடந்த கூத்து. அவர்கள் இனத்துக்குப் பிறந்த நாட்டிலேயே அடையாள அட்டை கொடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். வீட்டைக் கொளுத்தியபோது தப்பியது இவளுடைய பள்ளிச் சான்றிதழ் மட்டும். அதில் இவளுக்குப் பேச்சு வருமுன்பே இறந்துபோன அப்பாவின் பெயர் இருந்தது.

"காகிதம் வச்சிருக்கிறவ புருஷனையும் பெத்தவங்களையும் கூட்டிட்டுப் போகலாம். மாமனார் அந்தக் கணக்குல வரமாட்டாரு," என்றான் தரகன். "பெரியவரு அந்தப் பேர்ல உன் அப்பாவா வரட்டும்."

அன்றோடு முறை மாறியது. இவள் கூப்பிட்டுக்கொண்டிருந்த 'மாமா' கணவனுக்குப் போனது. அவனுடைய 'அப்பா' இவளுக்கு வந்தது. முகாம் அறைகளுக்கு நடுவே வெறும் அட்டைத் தடுப்பு. அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். அதனால் அறைக்குள்ளும் இப்படியே கூப்பிட வேண்டும் என்று பெரியவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். விசாரணையில் யாராவது வாய் தவறினால் மூவரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அங்கே போனால் உயிர் மிஞ்சாது.

பெரியவருக்கு இதில் குஷி வேறு. "என்ன மாப்ள, எம்பொண்ண நல்லா வச்சிருக்கீங்களா?" என்று மகனைச் சீண்டுவார்.

"உங்க பொண்ணு வாய்க்கு நான்தான் மாமா பயந்து கெடக்கேன்," என்பான் அவன்.

முதலில் மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். போகப்போகச் சிரிப்பதற்கு அதில் ஒன்றும் இல்லாமல் போயிற்று. அப்பா என்று ஒருவரைக் கூப்பிட வாய்த்ததே அவளுக்கு இங்கே வந்த பிறகுதான். அவளுக்கு அது பிடித்தும் இருந்தது.

பெரியவர் போன பிறகும் இன்னும் ஒரு விசாரணை பாக்கி. அது முடியும்வரை அவன் வாயைக் கட்டியாக வேண்டும்.

புதைகுழியின் பக்கத்திலேயே அதிகாரியும் மொழிபெயர்ப்பாளரும் நின்றார்கள். முதல் பிடி மண் மகள் போடட்டும் என்றார்கள். போட்டுவிட்டு அவள் கணவனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியாக என்ன சொல்லிக் கூப்பிடப் போகிறான்? வாய் தவறி 'அப்பா' என்றுவிடுவானோ என்று பயந்தாள். அதையும் மீறித் தெரிந்துகொள்ளும் ஆவல். இந்த நேரத்திலா இப்படி ஒரு ஆவல் என்று வெட்கமாகவும் இருந்தது.

அவன் குனிந்து மண்ணைக் கையில் அள்ளினான்.

"மன்னிச்சிடுங்க மாமா," என்றான்.

அவளுக்குப் போன மூச்சு திரும்பி வந்தது. ஏனோ அவன்மேல் கோபமும் வந்தது.

மொழிபெயர்ப்பாளர் அவள் பக்கம் சாய்ந்து சொன்னார்: "கொடுத்து வச்ச மனுஷர்மா உங்க அப்பா. மாமனார்கிட்ட மன்னிப்புக் கேக்குற மருமகன நான் பாத்ததே இல்ல."

சாயங்காலம் அக்கம்பக்கத்து அறைக்காரர்கள் துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்கள். அவள் கதவைச் சாத்தினாள். மூலையிலிருந்த குழாயை முழுதாகத் திறந்துவிட்டாள். தண்ணீர் தகரத் தொட்டியில் விழுந்து அறையே இரைந்தது.

"இப்பக் கூப்பிடுங்க. யாருக்கும் கேக்காது."

அவன் விழித்தான்.

"உங்க அப்பாவ. ஒரு தடவையாவது வாய்விட்டுக் கூப்பிட்டு அழுதுடுங்க."

அவன் பெரியவரின் காலிக் கட்டிலின் அருகே போய் உட்கார்ந்தான்.

"மாமா..."

சொன்னவன் திடுக்கிட்டு நிறுத்தினான். உதடுகளைக் கடித்துக்கொண்டு மறுபடி முயன்றான். அதே சொல்தான் வந்தது. அவளை நிமிர்ந்து பார்த்தான். பிறகு தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு "மாமா, மாமா" என்றே தேம்பித் தேம்பி அழுதான்.

தொட்டி நிரம்பித் தரையில் வழிந்தது. அவள் குழாயை மூடவில்லை.