முப்பத்தொன்றும் முப்பத்திரண்டும்

காலையில் கடையைத் திறந்ததும் கடிகாரக்காரர் செய்த முதல் வேலை, தன் தந்திச் சாவியின் தட்டும் பித்தளைக் கையைக் கழற்றி, அதன் அடியில் பொறித்திருந்த முப்பத்திரண்டு என்ற எண்ணை அரத்தால் ராவியதுதான். நாலு இழுப்பில் எண் போய், அந்த இடம் புது மோதிரம் போல மினுங்கியது.

அவசரப்பட்டு அவரைத் திட்டிவிடாதீர்கள், முழுதும் கேளுங்கள். பதினோரு வருஷத்துக்கு முன்னால், அவரும் சகலையான பல் டாக்டரும் ஒன்றாகத்தான் பழைய சாமான் கடைக்குப் போனார்கள். அந்தக் காலத்துத் தந்தி ஆபீசில் செய்தி தட்டிய சாவிகள் இரண்டு கிடைத்தன. அந்த வகையில் வேறு எங்கும் இல்லை. ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள். கடைக்காரர் இரண்டையும் ஒரே பேசினில் கழுவி, கைகளை மாற்றிப் பூட்டிவிட்டார் என்பது வீட்டுக்கு வந்துதான் தெரிந்தது. இவருடைய சாவியின் அடிப்பலகையில் முப்பத்தொன்று, கையில் முப்பத்திரண்டு. டாக்டருடையது அப்படியே தலைகீழ். எண் ஒத்துப்போகாத சாவியைச் சேகரிப்பவர்கள் சீந்தக்கூட மாட்டார்கள்.

மாற்றிக்கொள்ள ஐந்து நிமிஷம் போதும். ஆனால் யார் வீட்டுக்கு யார் வருவது? இளையவர் வரட்டும் என்றார் இவர். வேண்டியவர் வரட்டும் என்றார் அவர். அந்த வீம்பில் அக்காளும் தங்கையும்கூடப் போனில் மட்டுமே உறவாக இருந்தார்கள்.

இப்போது அருங்காட்சியகத்து அம்மாள், எண் ஒத்த சாவி ஒன்று, ஒன்றே ஒன்று வேண்டும், கொடுத்தவர் பெயரைக் கண்ணாடிப் பெட்டியில் எழுதிவைப்போம் என்றுவிட்டாள். மாற்றிக்கொள்வோம், பிறகு அவளே ஒன்றைப் பொறுக்கட்டும் என்று டாக்டர் சொல்லியனுப்பினார். ராவிய கையை அவர் தலையில் கட்டிவிட்டால் எண் ஒத்த சாவி தன்னிடம் மட்டும்தான் இருக்கும். கைமாறிய பிறகு கத்தினால் கத்தட்டும் என்று மனைவியையும் கூட்டிக்கொண்டு டாக்டர் வீட்டுக்குக் கிளம்பினார்.

"வாங்கண்ணே. வழி மறந்திருப்பீங்கன்னு நினைச்சேன்."

"வழி மறக்கல, டாக்டரே. உங்க வாசப்படிதான் உயரமாப் போச்சு."

சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துண்டு விரித்திருந்தது. சமையலறையில் அக்காளும் தங்கையும் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் இருவரும் ஒருவர் கையை ஒருவர் பார்த்தபடியே திருகுகளைக் கழற்றினார்கள். ஒரே நேரத்தில் வைத்தார்கள், ஒரே நேரத்தில் எடுத்தார்கள்.

கடிகாரக்காரர் திருப்பிப் பார்த்தார். எண் இல்லை. சொத்தைப் பல்லைக் குடைந்ததுபோல ஒரு சின்னப் பள்ளம், அதற்குள் வட்டம் வட்டமாகக் கீறல். கீறல்களில் பழுப்பேறி, தூசி படிந்திருந்தது.

"எப்ப பண்ணினே?" மரியாதை தானாகக் கழன்றுகொண்டது.

"வாங்கின வாரமே. மிஷின் பக்கத்துலயே இருந்துச்சு." டாக்டர் சிரித்துக்கொண்டே தன் கையிலிருந்ததைத் திருப்பினார். சிரிப்பு நின்றது. தடவினார். விரல் நுனியில் பித்தளைத் தூள் ஒட்டியது. "இது இன்னைக்குப் பண்ணினதா?"

பதினோரு வருஷம் அந்த எண்ணை மெல்லிய துணியால் துடைத்துத் துடைத்து வைத்திருந்தவர் கடிகாரக்காரர்.

"நேத்தே கூப்பிட்டிருக்கணும் உங்கள," என்றார் டாக்டர்.

கடிகாரக்காரரின் மனைவி டீத் தட்டோடு வந்து, "மாத்தியாச்சா?" என்று கேட்டாள். இரண்டு பேரும் கையிலிருந்ததைக் கீழே வைக்கவில்லை. தட்டை வைக்க இடம் தேடினாள். மேசை நடுவில், கையில்லாத இரண்டு பலகைகள் அக்கம்பக்கமாகக் கிடந்தன. முப்பத்தொன்று. முப்பத்திரண்டு.