மிதந்த செல்கள்

ஓரகத்தி வீட்டோடு நின்றிருந்தால் மூத்தவள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருப்பாள். அவளோ பரிசோதனைக்கூடத்துக்கும் வந்து சேர்ந்தாள், அதுவும் மூத்தவளின் சிபாரிசில். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

பதினோரு வருஷமாகப் புற்றுநோய் செல்களைத் தட்டுகளில் வளர்ப்பவள் மூத்தவள். எட்டு மாதம் முன்பு வந்த இளையவளைப் பேராசிரியர் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். புது மருந்து செல்களைத் தாமாகவே சாக வைக்கிறதா என்று பார்க்கும் வேலையும் அவளுக்குத்தான். அதைச் செய்கிறவள் பெயர் கட்டுரையில் முதலில் வரும். மூத்தவளின் பெயர் இதுவரை நன்றி சொல்லும் கடைசி வரியைத் தாண்டியதில்லை. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

சாகத் துணிந்த செல் ஆர்ப்பாட்டம் செய்வதில்லை. தன் புரதங்களைத் தானே வெட்டிக்கொண்டு சுருங்கும். கொப்புளம் கொப்புளமாக உடையும். தட்டின் அடியைப் பிடித்திருந்த பிடியை விட்டுத் திரவத்தில் மிதக்கும். எண்ணும்போது அந்த மிதப்பவற்றை விட்டுவிடக் கூடாது. திங்கட்கிழமை இளையவள் என்ன செய்தாள்? திரவத்தை அப்படியே கழிவுக்கு வைத்திருந்த ப்ளீச் பாட்டிலில் கொட்டிவிட்டு, அடியில் ஒட்டியிருந்தவற்றை மட்டும் எடுத்தாள்.

"அக்கா, சரியாத்தானே செய்யறேன்?"

மூத்தவளுக்கு நாக்கு நுனி வரை வந்தது.

"உனக்குத் தெரியாததா?" என்றாள். சொன்னதும் வயிறு குளிர்ந்தது.

செல்லுக்கும் ஒரு கட்டம் வரை திரும்பி வர வழி உண்டு. உள்ளே மைட்டோகாண்ட்ரியாவின் சுவரில் ஓட்டை விழுந்துவிட்டால், பிறகு யார் தடுத்தும் பெரும்பாலும் நிற்காது. புதன்கிழமை, இன்னும் ஒரு தடவை செய்யட்டும், அப்புறம் சொல்லலாம் என்று மூத்தவள் நினைத்தாள். வியாழக்கிழமை அப்படி நினைக்கக்கூட இல்லை.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் இளையவள் தலைகுனிந்து நின்றாள். "மருந்து வேலை செய்யல சார். மூணு தடவை பாத்துட்டேன்."

"அப்ப இதை விட்டுடலாம்," என்றார் பேராசிரியர்.

மூத்தவள் எழுந்தாள். இந்த நிமிஷத்துக்காகத்தானே காத்திருந்தாள்! "மருந்து நல்லாவே வேலை செய்யுது சார். செத்துப்போன செல்லையெல்லாம் இவ ப்ளீச்சுல கொட்டிட்டா. மூணு தடவையும்."

"மூணு தடவையும்னா?" பேராசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க பாத்துக்கிட்டேவா இருந்தீங்க?"

எழுந்தவளுக்கு உட்காரத் தோன்றவில்லை.

"சரி. இனிமே நீங்களே செய்யுங்க. உங்க பேரே முதல்ல வரட்டும்," என்றார் அவர், யாரையும் பார்க்காமல்.

அடுத்த திங்கட்கிழமை மூத்தவள் தட்டுகளை எடுத்து வைத்தாள். எட்டு மாதமாக வீட்டிலும் இங்கேயும் அக்கா, அக்கா என்று காதைத் துளைத்தவள் பக்கத்தில் வந்து, ஒரு குழாயை நீட்டினாள்.

"மிதக்குறதெல்லாம் இதுல இருக்கு, மேடம்."